இருபது நிமிடத்தில் குழந்தையை அளக்க வேண்டாம்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

அடுத்த கல்வியாண்டிலிருந்து மழலையர் வகுப்பில் சேர வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இருபது நிமிடத் "தயார்நிலைத் தேர்வு" நடத்தப்படும் என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பெறாத குழந்தை ஓராண்டு கழித்து மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்றும், சேர்க்கை வயதைக் கணக்கிடும் கட்-ஆஃப் தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் சேர்க்கையைத் தாமாகவே ஓராண்டு தள்ளிவைப்பது நல்லது என்றும் நீங்கள் வெளியிட்டிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதுகிறேன். முதலில் குழுவுக்குத் தனியாகத்தான் எழுதினேன். "பெற்றோரின் விருப்பத்தை ஒட்டியே முடிவெடுக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பெற்றோரும் படிக்கட்டும் என்பதால் இம்முறை மடலைத் திறந்தே அனுப்புகிறேன்.

நான் உங்கள் பள்ளியின் மழலையர் வகுப்பில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள். சேர்க்கை நாள்களில் குழந்தைக்கு எதிரே சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, கண்டதைக் குறித்து வைத்தவள். அந்தக் குறிப்பு அப்போது வகுப்பாசிரியையின் கோப்பைத் தாண்டிப் போனதில்லை. எந்தக் குழந்தைக்கு வாசலுக்கு அருகே இடம் கொடுக்க வேண்டும், யாருக்கு முதல் வாரம் அம்மா கூட இருக்க வேண்டும், யாரிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்பதற்கு அது உதவியது. அதே குறிப்பை நீங்கள் இப்போது மதிப்பெண்ணாக மாற்றி, வாசலை அடைப்பதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள். நான் ஏற்க மறுப்பது இதைத்தான்.

சுற்றறிக்கையோடு இணைத்திருக்கும் மாதிரித் தாளிலிருந்தே தொடங்குகிறேன். அதன் ஐந்தாம் கேள்வி, சதுரத்தையும் சாய்சதுரத்தையும் பார்த்து வரையச் சொல்கிறது. தேர்வு நடக்கும் மாதத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஐந்து வயது நிறைந்திருக்காது. பொதுவாகக் குழந்தைகள் மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதில் கூட்டல் குறியையும், நாலரை ஐந்தில் சதுரத்தையும், ஐந்தைத் தாண்டும்போது முக்கோணத்தையும் பார்த்து வரையத் தொடங்குகிறார்கள். சாய்சதுரம் ஆறு, ஏழு வயதில்தான் கைகூடுகிறது. சாய்கோட்டை எந்த இடத்தில் திருப்புவது என்று கண் சொல்வதைக் கை கேட்க வேண்டும். அது வளர்ச்சியின் போக்கில் வருவது, அதட்டினாலும் கெஞ்சினாலும் முன்கூட்டி வராது. நாலரை வயதுக் குழந்தை சாய்சதுரம் வரைய முயன்று, நான்கு மூலையிலும் காது முளைத்த ஒரு வடிவத்தைப் போட்டுவிட்டு, இது சரியில்லை என்று தனக்கே தெரிந்து பென்சிலைக் கீழே வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தையின் கண் நன்றாகவே தேறியிருக்கிறது, கைதான் இன்னும் அதை எட்டவில்லை. உங்கள் தாளில் அதற்குப் பூஜ்யம்.

இரண்டாம் கேள்வி, ஒன்றிலிருந்து இருபது வரை சொல்லச் சொல்கிறது. பாட்டை ஒப்பிப்பதுபோல் எண்களை வரிசையாக ஒப்பிக்க மூன்று வயதுக் குழந்தையைக்கூடப் பழக்கிவிடலாம். நூறு வரை தங்குதடையில்லாமல் சொன்ன ஒரு சிறுமியிடம், தட்டிலிருந்த மணிகளில் நான்கை எடுத்துத் தரச் சொன்னேன். கை கொண்ட மட்டும் அள்ளித் தந்தாள். "எண்ணிப் பார்" என்றதும் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை விரலால் தொட்டு எண்ணி முடித்துவிட்டு, "நாலு" என்று மறுபடியும் நீட்டினாள். எண்ணும் வரிசை தெரிவதும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவதும் வெவ்வேறு. 1990ஆம் ஆண்டில் கேரன் வின் என்ற உளவியலாளர் இளங்குழந்தைகளிடம் இப்படிக் கேட்டுப் பார்த்து, சரியாக எண்ணத் தெரிந்த குழந்தைகளிலேயே பலருக்குக் கேட்ட எண்ணிக்கையை எடுத்துத் தரத் தெரியவில்லை என்று காட்டினார். உங்கள் தாளின்படி அந்தச் சிறுமிக்கு முழு மதிப்பெண். பத்து வரை மட்டுமே சொல்லத் தெரிந்து, ஆனால் நான்கு என்றால் நான்கே மணியை எடுத்துத் தரும் குழந்தைக்குப் பாதி. கணக்கில் யார் முன்னே நிற்கிறார் என்பதையே இந்தத் தாள் தலைகீழாகச் சொல்லிவிடும்.

படங்களுக்குப் பெயர் சொல்லும் கேள்வியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குடைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று ஒரு பையனிடம் கேட்டபோது அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேசவில்லை. பத்துப் படத்துக்கும் அப்படியே. நிறம் பிரிக்கக் கட்டைகளைக் கொடுத்தபோதும் தொடவில்லை. தேர்வாக இருந்திருந்தால் அவன் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். அவன் அம்மாவோடு நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அறைக்கு வெளியே தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை அவன் ஜோடி ஜோடியாகச் சேர்த்து, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கி, ஒற்றையாக நின்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இதோட இன்னொண்ணு எங்கே?" என்று என்னிடமே வந்து கேட்டான். நிறம், அளவு, இணை, வரிசை, விடுபட்டதைக் கண்டறிதல், கேள்வி கேட்டல் அத்தனையும் அதில் இருந்தன. பெரியவருக்குக் குடை என்றால் என்னவென்று தெரியும், தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறார் என்பது அவனுக்குப் புரிந்திருக்காது. நாலரை வயதில் அது நியாயமான சந்தேகம்தான்.

ஒரு குழந்தை ஒரு நாள் காலையில் அந்நியர் ஒருவருக்கு முன்னால் என்ன செய்தது என்பது, அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும் என்பதற்கு மிக மெலிந்த சான்று. தூக்கம் போதாமை, முந்தைய இரவின் காய்ச்சல், வாசலில் நிற்கும் அப்பாவின் முகம் ஆகிய ஒவ்வொன்றும் மதிப்பெண்ணை மாற்றிவிடும். இது ஆசிரியையின் அனுபவம் மட்டும் அல்ல. லா பாரோ, பியான்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் முந்தைய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பள்ளிக்கு முன்னும் மழலையர் வகுப்பிலும் எடுக்கப்பட்ட அறிவுத்திறன் மதிப்பீடுகள், முதல் இரண்டு வகுப்புகளில் குழந்தைகளின் படிப்புக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் சராசரியாகக் கால் பங்கை மட்டுமே விளக்கின. பழக்கவழக்கம், பழகும் திறன் பற்றிய மதிப்பீடுகளோ, பின்னாளில் அதே திறன்களில் தெரியும் வேறுபாட்டில் பத்து விழுக்காட்டைத் தாண்டி விளக்கவில்லை. மீதி முக்கால் பங்கும் ஆசிரியையையும், வகுப்பையும், வீட்டையும், குழந்தை வளரும் வேகத்தையும் பொறுத்தது. கால் பங்கு மட்டும் தெரிந்துகொண்டு ஒரு குழந்தையின் ஓராண்டை எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்து விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1988ஆம் ஆண்டில், மழலையர் வகுப்பை முடிக்கும் குழந்தைகள் முதல் வகுப்புக்குப் போக எழுத்துத் தேர்வு ஒன்றைக் கட்டாயமாக்கியது. ஆறு வயதுக் குழந்தைகள் விடைக்குறிகளை நிரப்ப வேண்டியிருந்தது. பெற்றோரும் கல்வியாளர்களும் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டு, ஆசிரியை வகுப்பிலேயே பார்த்துக் குறிக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டில் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளை மதிப்பிட மூன்று வெவ்வேறு தேர்வுகளுக்கு ஒப்புதல் அளித்தார்கள். ஒன்றின் முடிவை மற்றொன்றின் முடிவோடு ஒப்பிட முடியாது என்று தெரிந்ததும் 2016இல் திட்டத்தை நிறுத்தினார்கள். பின்னர் 2021இல் அங்கே கட்டாயமாக்கப்பட்ட புதிய மதிப்பீடும் ஏறக்குறைய இருபது நிமிடம்தான் நடக்கிறது. ஆனால் அது நடப்பது குழந்தை பள்ளியில் சேர்ந்த பிறகு. அதை வைத்து எந்தக் குழந்தையின் சேர்க்கையும் மறுக்கப்படுவதில்லை, மதிப்பெண் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தரப்படுவதும் இல்லை. பள்ளி ஏழாண்டில் குழந்தைகளை எவ்வளவு தூரம் முன்னே கொண்டுபோனது என்று கணக்கிடவே அது. அந்த ஏற்பாட்டையே அங்கே பலர் எதிர்க்கிறார்கள். உங்கள் ஏற்பாடு அதையும் தாண்டிப் போகிறது.

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தன் 13ஆம் பிரிவில், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்த வடிகட்டும் முறைக்கும் உட்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. சட்டம் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் அதன் காரணம் ஒன்றே. இந்த வயதில் வடிகட்டினால் நம் கையில் தங்குவது குழந்தையின் திறமையாக இருப்பதில்லை. பிறந்த மாதமும், வீட்டிலிருக்கும் புத்தகங்களின் எண்ணிக்கையும், வீட்டு மொழியுமே தங்குகின்றன.

பிறந்த மாதத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தி அதையே குழந்தையின் குறையாக மாற்றிவிட்டது. ஒரே கட்-ஆஃப் தேதியை வைத்துச் சேர்க்கும் எந்த வகுப்பிலும் மிக இளைய குழந்தைக்கும் மிக மூத்த குழந்தைக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு மாத இடைவெளி இருக்கும். இளையவருக்கு அறுபது மாதம் என்றால் மூத்தவருக்கு எழுபத்தொரு மாதம். இளையவர் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூத்தவர் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார். அவ்வளவு சொற்களைக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார், அவ்வளவு முறை கூடுதலாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்திருக்கிறார். இருவருக்கும் ஒரே தாளை வைத்தால் தாள் அளப்பது நாள்காட்டியை.

இந்தக் கணக்கு வகுப்பறையோடு நின்றுவிடுவதும் இல்லை. பெடார்ட், டூவி என்ற பொருளியலாளர்கள் பல நாடுகளின் தேர்வு முடிவுகளை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பின் மிக இளைய மாணவர்கள் மிக மூத்தவர்களைவிட நான்காம் வகுப்பில் 4 முதல் 12 சதமானப் படிகளும் (நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் வரும் இடங்கள்), எட்டாம் வகுப்பில் 2 முதல் 9 படிகளும் பின்னால் இருந்தார்கள். இயற்கையான வயது வித்தியாசம் எட்டாம் வகுப்புக்குள் கரைந்து போயிருக்க வேண்டும். முழுதாகக் கரையாததற்குக் காரணம், முதல் ஆண்டிலேயே பெரியவர்கள் "கெட்டிக்காரன்", "மந்தம்" என்று பிரித்து, அந்தப் பிரிவுக்கு ஏற்ற வேலையையே கொடுத்துக்கொண்டு வருவதுதான் என்று வகுப்பில் நின்றவள் என்ற முறையில் நான் நம்புகிறேன்.

நோயாளி என்று முத்திரை குத்தும் வரை இது போகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கட்-ஆஃப் தேதி டிசம்பர் 31. அங்கே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், ஜனவரியில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் டிசம்பரில் பிறந்த சிறுவர்களுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருப்பதாக 30 விழுக்காடும், சிறுமிகளுக்கு 70 விழுக்காடும் கூடுதலாக முடிவு கட்டப்பட்டிருந்தது. செப்டம்பர் 1ஐ கட்-ஆஃப் தேதியாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களைப் பற்றி 2018இல் வந்த ஆய்வும் இதையே சொன்னது: இந்தக் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், வகுப்பில் இளையவர்களான ஆகஸ்ட் குழந்தைகளில் பத்தாயிரத்துக்கு 85 பேர், மூத்தவர்களான செப்டம்பர் குழந்தைகளில் பத்தாயிரத்துக்கு 64 பேர். செப்டம்பர் 1 எல்லையாக இல்லாத மாநிலங்களில் இந்த வித்தியாசம் தென்படவில்லை. குழந்தையின் மூளை மாநில எல்லையைப் பார்த்து வளர்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த குழந்தையோடு ஒப்பிட்டதால் இளைய குழந்தை நோயாளியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் இளையவர்களை ஓராண்டு தள்ளிச் சேர்ப்பதே நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் சுற்றறிக்கையின் தர்க்கமும் அதுதான். இதற்கு ஆதரவான ஆய்வு இருப்பதை நான் மறைக்கவில்லை. டென்மார்க்கில் டீ, சீவர்ட்சன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சேர்க்கையை ஓராண்டு தள்ளியவர்களிடம் பதினொரு வயதில் கவனமின்மையும் துறுதுறுப்பும் சராசரியாக 73 விழுக்காடு குறைந்திருந்தன என்கிறது. ஆனால் அங்கே தள்ளிப்போடப்பட்ட குழந்தை அந்த ஆண்டைக் கழிப்பது விளையாட்டை மையமாகக் கொண்ட, பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் பராமரிப்பு மையத்தில். அது கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கிறது. நீங்கள் திருப்பி அனுப்பும் குழந்தை எங்கே போகும் என்று சுற்றறிக்கை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வசதியுள்ள வீட்டுக் குழந்தை வேறொரு விளையாட்டுப் பள்ளிக்குப் போகும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயே ஆக வேண்டிய வீட்டில் அந்தக் குழந்தை ஓராண்டு முழுவதும் மூத்த சகோதரியின் பொறுப்பிலோ, தொலைக்காட்சியின் முன்னாலோ இருக்கும். பள்ளி யாருக்கு அதிகமாகத் தேவையோ அவரையே உங்கள் தேர்வு முதலில் வெளியே நிறுத்தும்.

இன்னொன்று, சேர்க்கை வயதை எங்கே வைத்தாலும் வகுப்பில் யாரோ ஒருவர் மிக இளையவராக இருந்தே தீருவார். ஃபின்லாந்தில் பள்ளி ஏழு வயதில் தொடங்குகிறது, அதற்கு முந்தைய ஆண்டின் முன்பள்ளி 2015 முதல் கட்டாயம். இங்கிலாந்தில் ஐந்து வயது நிறைந்த அடுத்த பருவத்திலிருந்து கல்வி கட்டாயம். பெரும்பாலோர் நான்கு வயதிலேயே வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். நெதர்லாந்தில் நான்கு வயது நிறைந்ததும் ஒவ்வொரு குழந்தையும் தன் பிறந்த நாளை ஒட்டித் தனித்தனியாக வந்து சேரலாம். நியூசிலாந்தில் பலர் ஐந்தாம் பிறந்த நாளையொட்டிப் பள்ளிக்குப் போகத் தொடங்குகிறார்கள். இத்தனை நாடுகள் இத்தனை வயதைத் தேர்ந்திருப்பதே, இதுதான் சரியான வயது என்று இயற்கை எதையும் குறித்துத் தரவில்லை என்பதற்குச் சான்று. இளையவர்களில் சிலரை மட்டும் நீங்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் பன்னிரண்டு மாத இடைவெளி பதினைந்தாகும். தள்ளப்படாத இளைய குழந்தை முன்னைவிட இன்னும் இளையதாகத் தெரியும். அடுத்த ஆண்டு அதன் பெற்றோரும் தள்ளிப்போட யோசிப்பார்கள். இதற்கு முடிவே கிடையாது.

வேறொரு பள்ளியில் "இன்னும் தயாராகவில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஓராண்டு வீட்டிலிருந்துவிட்டு எங்களிடம் வந்த ஒரு பையனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்வதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொற்கள் தெளிவில்லை என்று அந்தப் பள்ளி எழுதிக் கொடுத்திருந்தது. முதல் சில வாரங்களில் எங்களுக்கும் அவன் அப்படித்தான் தெரிந்தான். ஆனால் கதை சொல்லும் நேரத்தில் அவன் எப்போதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் வாய்க்கு நேரெதிரே உட்காருவதையும், நான் புத்தகத்தால் வாயை மறைத்ததும் எட்டிப் பார்ப்பதையும் உதவியாளர்தான் முதலில் கவனித்தார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. இந்த வயதில் அடிக்கடி வருவது அது; பல குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் நின்று கேட்கும் திறனை மங்கச் செய்யும். சிகிச்சைக்குப் பிறகு அவன் பேசிய பேச்சை நிறுத்த முடியவில்லை. முந்தைய ஆண்டே எந்த வகுப்பிலாவது சேர்த்து உட்கார வைத்திருந்தால் யாராவது இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். வாசலோடு திருப்பி அனுப்பியதால், பேச்சு வளர வேண்டிய ஓராண்டை அவன் பாதிக் காதோடு கழித்தான். அவன் அம்மா அந்த ஆண்டு முழுவதும் அவனை "கவனமாகக் கேள்" என்று அடித்ததாகச் சொல்லி என் முன்னால் அழுதார். அந்த அழுகைக்குப் பொறுப்பு அந்த அம்மாவுடையது அல்ல.

பார்வை, செவி, பேச்சு ஆகியவற்றில் தடங்கல் இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பார்க்கும் ஸ்க்ரீனிங் பரிசோதனை அவசியமானது. அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அதன் வேலை மேற்கொண்டு யாரிடம் அனுப்ப வேண்டும் என்று சுட்டுவது. அதில் சந்தேகம் எழுந்தால் குழந்தைக்குக் கூடுதல் உதவி கிடைக்க வேண்டும். உங்கள் தயார்நிலைத் தேர்வில் சந்தேகம் எழுந்தால் இருக்கும் உதவியும் பறிபோகிறது. இரண்டையும் ஒரே தாளில் போட்டு, ஒரே பெயரில் அழைப்பதால்தான் பெற்றோர் இதை ஏதோ மருத்துவப் பரிசோதனை என்று நம்பிக் கையெழுத்திடுகிறார்கள்.

வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளின் நிலையையும் நினைத்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. புதிய மொழி புழங்கும் இடத்துக்கு வந்த குழந்தை பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த மௌனத்தில் அது நிறையவே கற்றுக்கொள்கிறது. சேர்வதற்கு முன்பே பள்ளியின் மொழியில் கேள்வி கேட்டு, பதில் வராததை அறிவுக் குறைவாக எழுதுவது அநீதி.

தயார்நிலை என்பதையே குறுக்கிவிட்டீர்கள் என்பது என் அடுத்த குறை. 1990களில் அமெரிக்காவின் தேசியக் கல்வி இலக்குகளை ஒட்டி வகுக்கப்பட்ட விளக்கம் அதற்கு ஐந்து பக்கங்களைச் சொன்னது: உடல்நலமும் உடலியக்கமும், மனவுணர்வும் பழகும் திறனும், கற்பதை அணுகும் முறை, மொழி, பொது அறிவும் சிந்தனையும். உங்கள் தாளின் நூறு மதிப்பெண்ணில் எண்பதுக்கு மேல் கடைசி இரண்டுக்கே போய்விடுகிறது. தெரியாததைத் தயங்காமல் கேட்பது, விழுந்த கோபுரத்தை மறுபடி அடுக்குவது, அழுகிற குழந்தைக்கு அருகில் போய் உட்காருவது இவற்றுக்கு அதில் இடமே இல்லை. யுனிசெஃப் 2012இல் வெளியிட்ட கருத்துச் சட்டகமோ குழந்தை, பள்ளி, குடும்பம் மூன்றும் தயாராவதே பள்ளித் தயார்நிலை என்கிறது. அந்த மூன்றில் நீங்கள் குழந்தையை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தைகளை ஏற்க உங்கள் பள்ளி தயாரா என்று கேட்கும் தாள் ஒன்றும் சுற்றறிக்கையோடு வரவில்லை.

ஆசிரியைகளின் கஷ்டத்தை அறியாமல் இதை எழுதவில்லை. முதல் மாதத்தில் ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ஈரமான கால்சட்டை, ஒரு பக்கம் கதவை நோக்கி ஓட்டம் என்றிருக்கும்போது, எல்லோரும் "தயாராக" வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றத்தான் செய்யும். அதற்குத் தீர்வு இரண்டாவது உதவியாளர், சிறிய குழுக்கள், முதல் இரண்டு வாரங்களுக்குப் பாதி நேர வகுப்பு. இவற்றுக்குச் செலவாகும், தேர்வுக்கு அவ்வளவு செலவாகாது. அந்தச் சிக்கனத்துக்கான விலையைக் குழந்தை கொடுக்கிறது.

தேர்வு அறிவிக்கப்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே அதன் விளைவைப் பார்க்கிறேன். மூன்றரை வயதுக் குழந்தைகளுக்குச் சாய்சதுரம் வரையப் பயிற்சி நடக்கிறது. மாதிரித் தாளிலுள்ள பத்துப் படங்களும் அட்டைகளாகி வீட்டுச் சுவர்களில் ஏறிவிட்டன. ஒரு தாய் என்னிடம், "மணல்ல விளையாடினா நேரம் வீணாகுது டீச்சர், தேர்வு வருதே" என்றார். மணலில் வாளியை நிரப்பிக் கவிழ்க்கும் கைதான் பின்னால் பென்சிலைப் பிடிக்கப் போகிறது என்று சொன்னேன். அவர் என்னைவிட உங்கள் சுற்றறிக்கையை நம்புகிறார். நம்பாமல் என்ன செய்வார்? கையெழுத்திட்டிருப்பவர்கள் நீங்கள்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. தயார்நிலைத் தேர்வு பற்றிய சுற்றறிக்கையை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள். தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தோ, தேர்வின் பெயரை "கலந்துரையாடல்" என்று மாற்றியோ அதையே தொடர வேண்டாம். சேர்க்கைக்கு வயது ஒன்றையே தகுதியாக வையுங்கள். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடத்துங்கள். முன்னோட்டமாக நடத்திய தேர்வில் ஏற்கெனவே "அடுத்த ஆண்டு வாருங்கள்" என்று அனுப்பப்பட்ட குழந்தைகளின் வீடுகளுக்கு எழுத்து மூலம் அழைப்பு அனுப்புங்கள், அவர்களின் மதிப்பெண் தாள்களை அழித்துவிடுங்கள். அவற்றை எந்தக் கோப்பிலும் வைக்க வேண்டாம்.

இளைய குழந்தைகளின் பெற்றோருக்குத் தள்ளிவைக்கும்படி தரும் பொது அறிவுரையை நீக்குங்கள். ஒரு பெற்றோர் தாமே தள்ளிவைக்க விரும்பினால், வகுப்பாசிரியை அவரோடு உட்கார்ந்து, அந்த ஓராண்டு குழந்தை எங்கே, யாரோடு இருக்கும் என்பது உட்பட எல்லாவற்றையும் பேசிய பிறகு, முடிவைப் பெற்றோரிடமே விட்டுவிடுங்கள்.

மதிப்பீடு வேண்டும் என்றால் குழந்தை சேர்ந்த பிறகு வையுங்கள். முதல் எட்டு வாரங்களில் விளையாட்டிலும், கதை நேரத்திலும், சாப்பிடும்போதும், வெளித்திடலிலும் குழந்தையைப் பார்த்து ஆசிரியை எழுதும் குறிப்பே போதும். அதில் மதிப்பெண் வேண்டாம், தரவரிசையும் வேண்டாம். குழந்தைக்கு என்ன வருகிறது, அடுத்து என்ன உதவி வேண்டும் என்று எழுதிப் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள். வீட்டு மொழி வேறாக இருந்தால் அந்த மொழி தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் பருவத்திலேயே பார்வை, செவிப் பரிசோதனைகளைப் பெற்றோரின் சம்மதத்தோடு நடத்துங்கள். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தை எழுதி வையுங்கள். எந்தக் குழந்தையைப் பற்றியாவது "பின்தங்கியிருக்கிறது" என்று எழுதும் முன் ஆசிரியை அந்தக் கட்டத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

தேர்வு நடத்த ஒதுக்கிய பணத்தையும் ஆள்களையும் மழலையர் வகுப்பின் இரண்டாவது உதவியாளருக்குத் திருப்பிவிடுங்கள். விண்ணப்பப் படிவங்கள் வழங்கப்படும் முன், பெற்றோரையும் மழலையர் ஆசிரியைகளையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு கூட்டம் கூட்டுங்கள், அதில் இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று காரணத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள். மறுப்பதாக இருந்தால், அறுபது என்ற எண்ணை எந்த ஆதாரத்தில் தேர்ந்தீர்கள் என்பதையும் அந்தப் பதிலில் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் முன்னாள் மழலையர் வகுப்பு ஆசிரியை